பொடியும் திரவமும்: நாய்களின் எலிக்காய்ச்சலும் வருடாவருடம் போடும் ஊசியும்

நாய்க்குத் தடுப்பூசி போடும்போது டாக்டரின் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரண்டு குட்டி பாட்டில் எடுப்பார். ஒன்றின் அடியில் வெள்ளையாக ஒரு காய்ந்த கட்டி ஒட்டியிருக்கும், இன்னொன்றில் திரவம். திரவத்தை சிரிஞ்சில் இழுத்து, கட்டி இருக்கும் பாட்டிலுக்குள் விட்டு, குலுக்கி, கரைந்ததை மறுபடி இழுத்துப் போடுவார். அந்தத் திரவம் வெறும் தண்ணீர், பொடியைக் கரைப்பதற்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பல நோய்களுக்குச் சேர்த்து, செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று நாம் கேட்டுப் போடும் ஊசிகளில் அது தண்ணீர் கிடையாது. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் எல்லாம் பொடியில் இருக்கின்றன. லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி திரவத்தில் இருக்கிறது.

ஒரே சிரிஞ்சில் ஒன்றாகப் போனாலும் பொடியும் திரவமும் உடம்புக்குள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. "குட்டியா இருக்கும்போதே எல்லா ஊசியும் போட்டாச்சே, இன்னும் எதுக்கு வருஷாவருஷம்" என்று கேட்பவர்களும் உண்டு, "ஊசி போட்ட நாய்க்கே வந்துடுச்சு, அப்புறம் ஊசியால என்ன பிரயோஜனம்" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். இரண்டுக்கும் பதில் அந்தத் திரவத்துக்குள் இருக்கிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். லெப்டோஸ்பைரா ஒரு சுருள் வடிவ பாக்டீரியா. ரொம்ப மெலிசு; வழக்கமாகச் சாயம் போட்டுப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கே சிக்காது. எலிக்கு இது நோயாகவே இருப்பதில்லை. எலியின் சிறுநீரக நுண்குழாய்களில் குடியேறி, அது உயிரோடு இருக்கும் வரை மூத்திரத்தோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் எலியோடு பெருச்சாளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாக்கடை, மழைநீர் வடிகால், மார்க்கெட் குப்பை, அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கின் பின்பக்கம் என்று அது போகாத இடம் இல்லை. கிருமி வெயில் காயும் சிமெண்ட் தரையில் விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலோ தேங்கிய தண்ணீரிலோ விழுந்தால் வாரக்கணக்கில், சூழ்நிலை ஒத்துவந்தால் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். வெயில் குறைந்து ஈரம் தங்கும் இடம் எல்லாம் அதற்கு வசதிதான், அதனால்தான் மழை முடிந்த வாரங்களில் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் கூடுகிறார்கள்.

எலி கடித்தால்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடியாலும் வரலாம், ஆனால் அது அபூர்வம். குட்டைத் தண்ணீரை நக்குவது, ஈரப் புல்லை மோப்பம் பிடிப்பது, பாதத்தில் சின்னச் சிராய்ப்போடு தேங்கிய தண்ணீரில் நடப்பது, எலியைப் பிடித்துத் தின்பது, இவைதான் வழக்கமான வழிகள். வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் ஈரச்சவ்வு வழியாகவும், நீரில் ஊறி மெத்தென்று ஆன தோல் வழியாகவும் கிருமி உள்ளே போகும். நாய் உலகத்தை மூக்கால்தான் படிக்கிறது, அதுவும் இன்னொரு பிராணி மூத்திரம் போன இடத்தைத் தேடித் தேடிப் படிக்கிறது. வாக்கிங் போகும் நாயிடம் அதைச் செய்யாதே என்று சொல்லவும் முடியாது.

உள்ளே போன கிருமி ரத்தத்தில் பெருகும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், சிலசமயம் அதற்கும் கொஞ்சம் பிந்தி, அறிகுறி தெரிய ஆரம்பிக்கும். ரத்தக்குழாய்களின் உள்சுவரைச் சேதப்படுத்துவது இதன் குணம். கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல், கண் என்று எங்கெல்லாம் நுண்ணிய குழாய்கள் அடர்ந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் அடி விழும். உடம்பு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து ரத்தத்திலிருந்து கிருமியைத் துரத்த ஆரம்பித்ததும், அது அந்தப் புரதங்களின் கை எட்டாத இடமாகப் பார்த்துச் சிறுநீரக நுண்குழாய்களுக்குள் ஒதுங்கிவிடும். அப்புறம் நாயின் மூத்திரத்திலும் கிருமி வரத் தொடங்கும். பிழைத்த நாய், சரியான மருந்து முழுதாகக் கொடுக்காவிட்டால், பார்க்க நன்றாக இருந்துகொண்டே வாரங்கள், மாதங்கள் என்று கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறிகளைப் பொறுத்தவரை இந்த நோய் முதல் இரண்டு நாளில் தன் முகத்தைக் காட்டாது. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காய்ச்சல், நடுக்கம், வாந்தி. எழுந்து நடக்க மனமில்லாமல் கிடக்கும், தூக்கினால் முனகும். தசைவலி அந்த அளவுக்கு இருக்கும். எதையோ தெருவில் தின்றுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் ஓடும், தயிர்சாதம் கொடுத்துப் பார்ப்பதில் இன்னொரு நாள். அதற்குப் பிறகு சில நாய்கள் பானை பானையாகத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போகும், சில நாய்களுக்கு மூத்திரமே நின்றுபோகும். ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாகலாம். எலிக்காய்ச்சல் என்றால் மஞ்சள் காமாலை கட்டாயம் இருக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் மட்டும் அடிவாங்கி, மஞ்சளே தட்டாமல் போகிற நாய்கள் நிறைய. நுரையீரலில் ரத்தம் கசியும் வகை எல்லாவற்றிலும் மோசமானது. மூச்சு வாங்க ஆரம்பித்து மணிக்கணக்கில் நிலைமை கைமீறும்.

இங்கே தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் நாய், ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைவு என்று வந்தால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உண்ணிக் காய்ச்சல், டிக் ஃபீவர். தப்பில்லை, இங்கே உண்ணியால் வரும் எர்லிக்கியாவும் பபீசியாவும் அவ்வளவு சகஜம். ஆனால் எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும், பபீசியாவிலும் மஞ்சள் தட்டும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினும் எலிக்காய்ச்சலுக்கான முக்கிய மருந்தும் ஒன்றேதான். அதனால் உண்ணிக் காய்ச்சல் என்று வைத்தியம் பார்த்து, உண்மையில் எலிக்காய்ச்சல் குணமான நாய்களும் எங்காவது இருக்கத்தான் செய்யும். கவலை அந்த நாய்களைப் பற்றி இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் யூரியாவும் பார்க்காமல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சிறுநீரகம் ஒவ்வொரு நாளாக மோசமாகிக்கொண்டே போகிற நாயைப் பற்றித்தான் கவலை. பிளேட்லெட் குறைவாக இருக்கும் நாய்க்கு, அதுவும் மழைக்காலத்தில், "கிட்னி டெஸ்டும் சேர்த்து எடுத்துடலாமா டாக்டர்" என்று நீங்களே கேட்பதில் தப்பே இல்லை.

உறுதி செய்யும் பரிசோதனைகளிலும் நாள் கணக்கு முக்கியம். பிசிஆர் பரிசோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. முதல் வாரத்தில் ரத்தத்திலும், அதற்குப் பிறகு மூத்திரத்திலும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் போய்விட்டாலும் நெகட்டிவ் வந்துவிடக்கூடும், அதனால் மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். மேட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு பரிசோதனை பழையது, இன்றைக்கும் அடிப்படையானது. ஆய்வகத்தில் உயிரோடு வளர்க்கும் பல வகை லெப்டோஸ்பைராக்களோடு நாயின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரைக் கலந்து, எந்த வகை திரண்டு ஒட்டுகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உயிருள்ள கிருமிகளை ஓயாமல் பராமரிக்க வேண்டிய வேலை என்பதால் எல்லா லேபும் இதைச் செய்வதில்லை. இங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் செய்கிறது. ஒருமுறை பார்த்தால் மட்டும் போதாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் இப்போது வந்த நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பல நாடுகளில் கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடும் கிட்டுகளும் வந்துவிட்டன. எது எப்படியோ, ரிசல்ட் வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடும் நோய் இது இல்லை.

சீக்கிரம் ஆரம்பித்தால் நிறைய நாய்கள் பிழைக்கின்றன. வாந்தி இருக்கும் வரை பென்சிலின் வகை ஊசி, அது நின்றதும் இரண்டு வாரம் டாக்சிசைக்ளின். இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நாய் துள்ளிக் குதிக்கிறதே என்று. சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கும் கிருமியைக் காலி செய்ய அந்த இரண்டு வாரமும் வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றுவது, மூத்திர அளவைக் கணக்கு வைப்பது, தேவைப்பட்டால் டயாலிசிஸ். சென்னை வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். அந்த வசதி பக்கத்தில் இல்லாத ஊர்களில், சிறுநீரகம் முழுதாக நின்றுபோன நாயைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். செலவும் சின்ன விஷயம் இல்லை, ஒரு வாரம் உள்ளே வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, ஊசிக்கு வருவோம். நாய்களில் இந்த நோய் முதலில் பேசப்பட்டது ஜெர்மனியில். 1898இல் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த ஒரு நாய் கண்காட்சிக்குப் பிறகு நாய்கள் வாந்தியும் வாய்ப்புண்ணும் சிறுநீரகக் கோளாறுமாகச் செத்தன, அந்த ஊர் பெயராலேயே ஸ்டுட்கார்ட் நோய் என்று சொல்லிவந்தார்கள். காரணம் பின்னால்தான் தெரிந்தது. 1930களில் நெதர்லாந்தில் நாயிடமிருந்து கேனிகோலா என்கிற வகையைப் பிரித்தெடுத்தார்கள். எலிகளைச் சேர்ந்த இக்டெரோஹெமரேஜியே வகையை அதற்கு முன்பே தெரியும். இந்த இரண்டையும் வளர்த்து, கொன்று, ஊசியாக்கியதுதான் ஐம்பது அறுபது வருடங்களாக உலகம் முழுக்கப் போட்டுவந்த தடுப்பூசி. நன்றாகவே வேலை செய்தது. நாயிலிருந்து நாய்க்கே பரவிக்கொண்டிருந்த கேனிகோலா, ஒழுங்காக ஊசி போட்ட நாடுகளில் அபூர்வமாகிவிட்டது.

நோய் போய்விடவில்லை. இந்த பாக்டீரியாவில் நோய் உண்டாக்கும் உள்வகைகள், செரோவார் என்பார்கள், இருநூற்றைம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த வீடு மாதிரி ஒரு பிராணி: ஒன்றுக்கு எலி, ஒன்றுக்குப் பன்றி, ஒன்றுக்கு மாடு. கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறுதான் ஒரு வகையை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது, ஊசி போட்ட நாயின் உடம்பு அடையாளம் கண்டுகொள்வதும் பெரும்பாலும் அதைத்தான். எனவே இரண்டு வகைக்குப் போட்ட ஊசி அந்த இரண்டுக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும்தான் காவல். ஊசியில் இல்லாத வகைகளால் நாய்கள் நோயாளியாவது அதிகரிக்கவே, 2000 வாக்கில் அமெரிக்காவில் கிரிப்போடைபோசா, பொமோனா என்ற இரண்டைச் சேர்த்து நான்கு வகை ஊசி வந்தது. ஐரோப்பாவில் பொமோனாவுக்குப் பதில் ஆஸ்ட்ராலிஸ் குழுவைச் சேர்த்தார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் சுற்றுவது அது. "ஊசி போட்ட நாய்க்கே வந்துடுச்சு" என்பதற்கான ஒரு விளக்கம் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தியாவில் இரண்டு வகை ஊசியும் கிடைக்கிறது, நான்கு வகையும் கிடைக்கிறது. உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பொடி பாட்டிலின் ஸ்டிக்கர் ஒன்று, திரவ பாட்டிலின் ஸ்டிக்கர் ஒன்று. திரவத்தின் ஸ்டிக்கரில் லெப்டோ என்றோ எல் என்றோ எல்4 என்றோ இருக்கும். ஒரே ஒரு ஸ்டிக்கர்தான், அதிலும் எல் இல்லை என்றால் பொடியை வெறும் நீரில் கரைத்துப் போட்டிருக்கிறார்கள், எலிக்காய்ச்சலுக்கு உங்கள் நாய்க்கு ஊசியே போகவில்லை என்று அர்த்தம். ஃபைவ் இன் ஒன் ஊசி போடும் இடங்களில் இது நடக்கும். யாரும் ஏமாற்றவில்லை, அது வேறு ஊசி, அவ்வளவுதான். நாம்தான் கேட்பதில்லை.

நம் ஊர் எலிகளிடம் இருக்கும் வகைகள் இந்த நான்குக்குள் அடங்குமா என்பது நல்ல கேள்வி. சென்னை வட்டாரத்தில் மனிதர்களிடமும் விலங்குகளிடமும் நடந்த சீரப் பரிசோதனைகளில் ஆட்டம்னாலிஸ் என்கிற குழு அடிக்கடி மேலே வருகிறது, அது வழக்கமான நாய் ஊசிகளில் நேரடியாக இல்லை. இதைப் பார்த்துவிட்டு "அப்போ இந்த ஊசி நமக்கு உதவாது" என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம். மேட் பரிசோதனை நாய்க்கு நோய் இருக்கிறதா என்று சொல்வதில் கெட்டி, எந்த வகையால் வந்தது என்று சொல்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்புப் புரதம் இன்னொரு வகையோடும் போய் ஒட்டும். பொமோனாவும் கிரிப்போடைபோசாவும் இருக்கும் ஊசியைப் போட்டுக்கொண்ட, நோயே இல்லாத நாய்களின் சீரத்தில்கூட ஆட்டம்னாலிஸ் அளவு ஏறிவருவதைப் பார்த்திருக்கிறார்கள். கிருமியையே வளர்த்து மரபணுவைப் படித்தால்தான் உறுதியாகத் தெரியும், அந்த வேலை நம் நாட்டில் நாய்களிடம் போதுமான அளவுக்கு நடக்கவில்லை என்பதே என் குறை. எலியின் சொந்த வகையான இக்டெரோஹெமரேஜியே குழு இரண்டு வகை ஊசியிலும் இருக்கிறது, நான்கு வகை ஊசியிலும் இருக்கிறது. எலியும் பெருச்சாளியும் நிறைந்த நகரத்தில் அதை மட்டும் தடுத்தாலே அது பெரிய விஷயம். நான்கு வகை கிடைக்கிறதென்றால் அதையே கேளுங்கள்.

இனி வருடாவருடம் ஏன் என்பது. பொடியில் இருப்பவை பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ்கள். அவை நாயின் உடம்பில் கொஞ்சம் பெருகி, ஒரு சின்ன நோய் வந்து போன மாதிரி ஆழமான நினைவை விட்டுச் செல்கின்றன. டிஸ்டெம்பர், பார்வோவுக்கான காவல் மூன்று வருடத்துக்கும் மேல் நீடிக்கும் என்பதால்தான் உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கம் வளர்ந்த நாய்க்கு அவற்றை வருடாவருடம் போட வேண்டியதில்லை என்கிறது. திரவத்தில் இருப்பது செத்த பாக்டீரியா. அது பெருகாது. போதாதற்கு, உடம்பு இங்கே அடையாளம் காண்பது மேலே சொன்ன சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறை. அந்த மாதிரிப் பொருள்களுக்கு எதிராக உடம்பு சட்டென்று புரதம் தயாரிக்குமே தவிர, நீண்ட நாள் நினைவில் வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் கிடையாது. முதலில் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டால்தான் காவல் உருவாகும், அது சுமார் ஒரு வருடம் தாங்கும். ஒரு டோஸ் மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போகாத நாயை ஊசி போட்ட நாய் என்று கணக்கில் எடுக்கவே கூடாது. "போட்டும் வந்துடுச்சு" கதைகளில் கொஞ்சம் துருவினால் பாதிக்கு இந்த விளக்கம்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

வெளிநாட்டுத் தளங்களைப் படித்துவிட்டு "மூணு வருஷத்துக்கு ஒருதடவை போதுமாமே" என்று வருகிறவர்கள் சொல்வது பொடிக்குச் சரி. திரவத்துக்குப் பொருந்தாது. அதேபோல டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்த்து, எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாம் என்பதும் பார்வோ, டிஸ்டெம்பருக்குத்தான் ஒத்துவரும். லெப்டோ ஊசிக்குப் பிறகு மேட் அளவு சில மாதங்களிலேயே இறங்கிவிடும், ஆனாலும் நாய்க்குக் காவல் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆக, நியாயமாகப் பார்த்தால் ஏழும் ஒன்பதும் ஒன்றாக இருக்கும் காம்போ ஊசியை வருடாவருடம் போடுவதைவிட, பொடியை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் லெப்டோவை மட்டும் தனியாக ஒவ்வொரு வருடமும் போடலாம். லெப்டோவை ரேபிஸோடு சேர்த்து ஒரே பாட்டிலாகவும் விற்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை போய்வர அது தோதானது. உங்கள் டாக்டரிடம் பேசிப் பாருங்கள், சிலர் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

"எங்க நாய் வீட்டை விட்டே வெளியே போறதில்ல" என்பது அடுத்த வாதம். ரொம்ப காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பண்ணை நாய், வேட்டை நாய், குளத்தில் குதிக்கும் பெரிய நாய்களின் வியாதி இது என்று. அந்த நினைப்பை நகரங்கள்தான் உடைத்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், நாய்களுக்கு இந்த ஊசியை வழக்கமாகப் போடாத நகரத்தில், 2017 முதல் நகர மையப் பகுதிகளில் நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வந்து, கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. 2021இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு வந்தது. அங்கே மழையும் அதிகம் இல்லை. பாதிக்கப்பட்டவற்றில் நிறைய நாய்கள் பகல்நேரக் காப்பகம், போர்டிங் என்று மற்ற நாய்களோடு இருந்துவந்தவை. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2023இல் தன் ஒருமித்த அறிக்கையைப் புதுப்பித்து, இனம், அளவு, வாழ்க்கைமுறை எதையும் பார்க்காமல் எல்லா நாய்க்கும் வருடாவருடம் போடச் சொன்னது. உலகச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் நோய் நிலைகொண்ட பகுதிகளில் இதைக் கட்டாய ஊசிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. சென்னையைவிட நோய் நன்றாக நிலைகொண்ட இடம் எங்கே தேடுவது? வீட்டை விட்டு வெளியே போகாத நாயைத் தேடி எலி வீட்டுக்குள் வரும், அதுதான் இங்கே நிஜம்.

பக்கவிளைவு பயத்தைத் தள்ளிவிட முடியாது, குறிப்பாகச் சின்ன நாய் வளர்ப்பவர்களிடம். லெப்டோ ஊசிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அது சும்மா வந்ததும் இல்லை. பழைய தயாரிப்புகளில் கிருமியை வளர்க்கப் பயன்படுத்திய மாட்டுச் சீரப் புரதங்கள் நிறைய மிஞ்சியிருந்தன, அவை சில நாய்களுக்கு அலர்ஜி கிளப்பின. இப்போது வடிகட்டிச் சுத்தப்படுத்துகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எல்லா ஊசிகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் நாய்க்குச் சுமார் 38 என்ற கணக்கில் ஏதாவது எதிர்விளைவு இருந்தது, பெரும்பாலும் முகம் வீங்குவது, அரிப்பு, வாந்தி. அந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்த விஷயம், நாய் எடை குறையக் குறைய ஆபத்து கூடுகிறது, ஒரே நேரத்தில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடினாலும் கூடுகிறது. பக், சிவாவா, டாக்ஸண்ட் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஊசியை விட்டுவிடுவது அல்ல. ரேபிஸும் காம்போவும் ஒரே நாளில் வேண்டாம், இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாம் என்று கேட்பது. காலையிலேயே போட்டுவிட்டு, அரைமணி நேரம் கிளினிக் வாசலிலேயே உட்கார்ந்திருங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு முகம் வீங்கினால் எந்த டாக்டரைத் தேடுவது.

எப்போது போடுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். காவல் முழுதாக உருவாக இரண்டாவது டோஸ் போட்ட பிறகும் சில வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிற நம் ஊரில், ஆகஸ்ட் மாதவாக்கிலேயே முடிந்துவிடுமாறு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கேரளத்திலும் கன்னியாகுமரி, நீலகிரி பக்கங்களிலும் ஜூனிலேயே மழை வந்துவிடும், அங்கே மே மாதம். பூஸ்டர் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போனால் ஒரே டோஸில் சரிசெய்துவிடலாம். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று ஓடிவிட்டால் டாக்டர் முதலிலிருந்து இரண்டு டோஸ் போடச் சொல்வார். அதற்கு முகம் சுளிக்க வேண்டாம்.

தெருநாய்களுக்கு இந்த ஊசி கிடைப்பதில்லை. கருத்தடைத் திட்டத்தில் பிடிக்கும்போது ரேபிஸ் ஊசி போடுகிறார்கள், மனித உயிரைக் காக்க அது அவசியம், அதற்கே பணமும் ஆளும் பற்றாக்குறை. தெருவில் நாலு நாய்க்குச் சோறு வைப்பவர்கள் மீதமான சோற்றையும் தட்டையும் ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் பாதி உதவி செய்த மாதிரி. அது பெருச்சாளிக்கு வைத்த விருந்து. வீட்டு நாய்க்கும் இதேதான். வராண்டாவில் ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கும் தண்ணீர்க் கிண்ணம், மூடாத நாய்த்தீவன பெல்லட் மூட்டை, இந்த இரண்டும் எலியை நாயின் வாசலுக்கே கூட்டிவரும். காலையில் கிண்ணத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் வையுங்கள்.

வீட்டில் ஒரு நாய்க்கு எலிக்காய்ச்சல் உறுதியாகிவிட்டால் செய்ய வேண்டியவை உடனடியானவை. கூட வளரும் மற்ற நாய்களும் அதே தண்ணீரைக் குடித்து அதே தோட்டத்தில் சுற்றியவைதான், அவற்றுக்கும் டாக்சிசைக்ளின் கொடுக்கச் சொல்வார்கள். நோயாளி நாயை மூத்திரம் போக வைக்க ஒரே இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தேங்காத, வெயில் படும் இடம். வீட்டுக்குள் போய்விட்டால் கையுறை போட்டுத் துடைத்து, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள். லெப்டோஸ்பைரா சாதாரணக் கிருமிநாசினிக்கே தாங்காது. ஹோஸ் பைப்பைப் பிடித்து வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், துளி தெறித்து கண்ணிலும் வாயிலும் படும்.

நாயிடமிருந்து மனிதருக்கு வருவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அடிக்கடி நடப்பதில்லை. உலகம் முழுக்க வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வந்து, அறுபதாயிரம் பேர் அளவில் இறக்கிறார்கள் என்று 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் வயலிலும் சாக்கடையிலும் வெள்ளத்திலும் எலியின் மூத்திரத்தை மிதித்தவர்கள். 2018 வெள்ளத்தில் கேரளம் மீட்புப் பணியில் இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுத்தது இதற்காகத்தான். மனிதர்களுக்குப் போடும் ஊசி சில நாடுகளில் மட்டும் உண்டு, இங்கே கிடைக்காது. நாய்க்கு வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டர் நவம்பர் மாதத்தில் முதலில் யோசிப்பது டெங்குவைத்தான். வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்தது என்பதை அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.